கணினியும் நாற்காலியும் வால் எலும்பும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலம் என்றதும் கண்ணைப் பற்றியும் பல்லைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் நாம் உட்காரும்போதெல்லாம் பாரம் தாங்கும் ஓர் உறுப்பைப் பற்றிப் பேசக் கூசுகிறோம். முதுகுத் தண்டின் கடைசி நுனியாகிய வால் எலும்பைத்தான் கூறுகிறேன்.

நம் கடற்கரைப் பகுதியில் உப்பளத்தில் குனிந்தும், மீன் கூடையைச் சுமந்தும், பனையோலை முடைந்தும் உழைத்த பெண்கள் பலர். அவர்களுடைய பெண்மக்களில் பலர் இன்று கணினியின் முன் அமர்ந்து வேலை செய்கின்றனர். திருச்செந்தூரில் இ-சேவை மையம், வங்கி, ஜெராக்ஸ் கடை என எங்கும் கணினி இருக்கிறது. தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் மினி டைடல் பூங்காவும் திறக்கப்பட்டது. குனிந்து செய்த வேலை போய், உட்கார்ந்து செய்யும் வேலை வந்துவிட்டது. உட்கார்வதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் உண்டு, தோழியரே!

சட்டம் தந்த இருக்கை

ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்றே வேலை செய்த பெண்களின் துயரத்தைக் கண்டு, 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் அவ்வாறே திருத்தி, ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று விதித்தது. இதில் ‘தகுந்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏதோ ஒரு நாற்காலி போதாது. உடலுக்கு ஏற்ற நாற்காலி வேண்டும்.

வால் எலும்பு என்பது யாது?

மூன்று முதல் ஐந்து வரையிலான சிறு எலும்புகள் சேர்ந்ததே வால் எலும்பு. பெரும்பாலோருக்கு நான்கு இருக்கும். குயிலின் அலகு போல வளைந்திருப்பதால், குயிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே மருத்துவர்கள் இதற்குப் பெயராக வைத்தனர். இங்கு வரும் வலிக்கு 1859-இல் பெயரிட்டு எழுதியவர், பிரசவத்தில் குளோரோபார்ம் மயக்கமருந்தைப் புகுத்திய எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் ஆவார்.

வழுக்கி உட்கார்ந்தபடி விழுதல், பிரசவம், கடினமான அல்லது பொருந்தாத இருக்கையில் நெடுநேரம் இருத்தல் ஆகியவை இவ்வலிக்கு முக்கிய காரணங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதியாக வருகிறது.

பாரம் எங்கே விழுகிறது?

இதுவே நாம் அறிய வேண்டிய முக்கிய செய்தி. இடுப்பெலும்பின் அடியில் இரு பக்கமும் உருண்டையான இரண்டு முனைகள் உள்ளன. கடினமான பலகையில் அமர்ந்தால் அவற்றை உணரலாம். நிமிர்ந்து அமரும்போது உடலின் பாரத்தை இவ்விரண்டும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. பின்னால் சரிந்து, முதுகு கூனி அமர்ந்தாலோ பாரம் வால் எலும்பின்மேல் இறங்குகிறது. ஆகவே வலியைக் குறைக்கும் வழி, பாரத்தை வால் எலும்பிலிருந்து எடுத்து அந்த இரு முனைகளுக்கும் தொடைகளுக்கும் மாற்றுவதே.

இனி நம் வீட்டு நாற்காலிகளைப் பார்ப்போம். பிளாஸ்டிக் நாற்காலிகள் பலவற்றில் பின்பக்கம் தாழ்ந்து சரிவாக இருக்கும். அது நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது. வயர் பின்னிய நாற்காலி நாளடைவில் நடுவில் தொய்ந்துவிடும். மெத்தென்ற சோபாவில் உடல் அமிழ்ந்து வால் எலும்பும் அழுந்துகிறது. மிகக் கடினமும் ஆகாது, மிக மென்மையும் ஆகாது.

மடிக்கணினியிலோ திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், குனிந்து கூனியே பார்க்க நேரிடுகிறது. 2011 முதல் பல ஆண்டுகள் தமிழக அரசு மாணவருக்கு இலவச மடிக்கணினி வழங்கியது. அதைக் கட்டிலிலும் தரையிலும் வைத்துப் படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் இதை அறிவார்கள். நாலைந்து தடித்த புத்தகங்களின்மேல் அதை ஏற்றி, தனி விசைப்பலகை ஒன்றை இணைத்தால் கழுத்தும் முதுகும் நிமிரும்.

வீட்டிலேயே செய்யும் திண்டு

என் பெரியம்மா மகள் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறார். அவருக்கு இவ்வலி வந்து ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. “எந்த இடத்தில் வலி என்று எப்படிச் சித்தி சொல்ல முடியும்?” என்று என் அம்மாவிடம் அழுதார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணியிருக்கிறார். பின்னர் ஒரு பெண் மருத்துவரிடம் காட்டினார்கள். மருத்துவர் சொன்னபடி நாங்கள் செய்த திண்டு இது:

1. மெத்தைக் கடையில் சற்றுக் கெட்டியான போம் வாங்கவும். மூன்று அங்குல கனமும், பதினாறு அங்குல நீள அகலமும் போதும்.

2. பின் ஓரத்தின் நடுவில், நான்கு அங்குல அகலத்திற்கும் ஆறு அங்குல ஆழத்திற்கும் வெட்டி எடுக்கவும். வால் எலும்பு எதன்மேலும் படாமல் இந்த இடைவெளியில் இருக்கும்.

3. பருத்தித் துணியில் உறை தைத்துப் போடவும். இளகிய பஞ்சுத் தலையணை இதற்கு உதவாது, அமுங்கிவிடும். நடுவில் மட்டும் ஓட்டையுள்ள வட்டத் திண்டின் பின்விளிம்பு சிலருக்கு வால் எலும்பிலேயே அழுத்தும்.

4. திண்டு வைத்ததும் உட்காரும் உயரம் கூடும். கால் தரையில் படாவிட்டால் பலகையோ செங்கலோ வைத்துப் பாதத்தை ஊன்றவும்.

சில பழக்கங்கள்

அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். எழும்போது முதலில் உடலை முன்னால் சாய்த்துப் பின்பு எழ வேண்டும்; பளிச்சென்று குத்தும் வலி குறையும். பேருந்தில் கடைசி இருக்கையைத் தவிர்ப்பது நலம். மலச்சிக்கல் இவ்வலியைக் கூட்டும். ஆதலால் கீரை, பழம், போதிய தண்ணீர் அவசியம்.

விழுந்தபின் வலி வந்தால் எண்ணெய் தேய்த்து ஓங்கி நீவுவது ஆகாது, எலும்பு முறிந்திருக்கலாம். பெரும்பாலோருக்கு சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி தணியும். ஆனால் காய்ச்சல், வீக்கம், சீழ், கால் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முடிவுரை

திண்டு வைத்து அமரத் தொடங்கிய பின் என் அக்கா வேலையைத் தொடர்கிறார். வலி முழுவதும் போய்விடவில்லை. ஆனால் பொறுக்கும்படி இருக்கிறது என்கிறார். வெட்கத்தால் வீணாய்ப் போன அந்த ஆறு மாதம் மட்டும் திரும்பி வராது. தலைவலியைச் சொல்லும் நாம் இந்த வலியையும் தாயிடம், தமக்கையிடம், ஆசிரியையிடம் தயங்காமல் சொல்வோம். வலிக்கும் இடத்தில் வெட்கப்பட ஏதுமில்லை. நிமிர்ந்து அமர்வோம், நலமாய் வாழ்வோம்!