கர்ப்பக் காலத்தில் இன்ஹேலரை நிறுத்தலாமா? ஆஸ்துமா உள்ள தாய்மார்கள் அறிய வேண்டியவை

கர்ப்பம் உறுதியானதும் ஆஸ்துமா உள்ள பெண்கள் சிலர் இன்ஹேலரை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். "மருந்து பிள்ளைக்கு ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் அக்கறையோடு சொல்வதும் அதற்கு ஒரு காரணம். ஆனால், குழந்தைக்கு இன்ஹேலரை விட கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவே பெரிய ஆபத்து.

வயிற்றில் உள்ள குழந்தைக்குத் தாயின் இரத்தத்தில் இருந்துதான் ஆக்சிஜன் போகிறது. தாய்க்கு இளைப்பு முற்றி ஆக்சிஜன் குறைந்தால் குழந்தைக்கும் குறையும். ஆஸ்துமா கட்டுப்பாடின்றித் தொடர்ந்தால் தாய்க்கு கர்ப்பக் கால இரத்த அழுத்த நோய், குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை பிறப்பது ஆகிய அபாயங்கள் கூடுகின்றன.

கர்ப்பக் காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆஸ்துமா மோசமாகிறது. மற்றொரு பங்கினருக்குக் குறைகிறது. மீதிப் பேருக்கு மாற்றமில்லை. யாருக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் தொடர் கண்காணிப்பு தேவை.

இரண்டு வகை மருந்து

நீல நிற இன்ஹேலரில் உள்ள சல்புடமோல், சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கிறது. பழுப்பு போன்ற வேறு நிறங்களில் வருவது தடுப்பு மருந்து. அது மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைக் குறைப்பதால் தினமும் எடுக்க வேண்டும். அதை நிறுத்தினால் முதல் சில நாள்கள் ஒன்றும் தெரியாது. வீக்கம் மெல்லத் திரும்பிய பிறகே இளைப்பு வரும். "நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நம்பி ஏமாறுவது இதனால்தான்.

தடுப்பு மருந்தில் ஸ்டீராய்டு இருப்பது பலரைப் பயமுறுத்துகிறது. ஆனால் அதன் அளவு மைக்ரோகிராம் கணக்கில்தான். அது நேராக நுரையீரலுக்குச் செல்வதால் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. புடசோனைட் போன்ற மருந்துகளைக் கர்ப்பிணிகள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள். மருந்தை எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும். மருந்தைக் குறைப்பதோ மாற்றுவதோ மருத்துவரின் முடிவாக இருக்கட்டும்.

கட்டுக்குள் இருக்கிறதா?

வயிறு பெரிதாகும்போது படியேறினால் மூச்சு வாங்குவது இயல்பு. ஆனால் மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம், இரவில் இருமி எழுவது ஆகியவை ஆஸ்துமாவின் அறிகுறிகள். நீல இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

வீட்டிலும் வெளியிலும் புகை

சாம்பிராணி, கொசுவர்த்தி, குப்பை எரிக்கும் புகை எல்லாமே இளைப்பைத் தூண்டலாம். பூஜை நேரத்தில் சன்னல்களைத் திறந்து வைத்து, கர்ப்பிணி சற்றுத் தள்ளி இருக்கட்டும். கணவர் புகைப்பவர் என்றால் நிறுத்த வேண்டிய நேரம் இதுதான். 2015, 2019ஆம் ஆண்டுகளைப் போலப் புகைமூட்டம் வந்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். அது 100ஐத் தாண்டினாலே ஆரோக்கியமற்ற நிலை; வெளியில் செல்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள். சளிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

திடீரென இளைத்தால்

நிமிர்ந்து உட்கார்ந்து, மருத்துவர் சொன்ன முறைப்படி நீல இன்ஹேலரை எடுங்கள். ஸ்பேசர் இருந்தால் அதன் வழியாக எடுப்பது நல்லது. அப்படியும் அடங்காவிட்டால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால் உடனே 999ஐ அழையுங்கள். இளைப்பு அடங்கிய பிறகும் குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோட்டத்தின் உட்பகுதியில் இருப்பவர்களுக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகலாம். இரவில் யாருடைய காரில் போவது என்பதை இன்றே பேசி வையுங்கள்.

பிரசவத்தின்போதும் அதன் பிறகும்

பிரசவத்திற்குச் செல்லும் பையில் இன்ஹேலரும் இருக்கட்டும். பிரசவ அறையில் பயன்படும் சில மருந்துகள் இளைப்பைத் தூண்டும் என்பதால், ஆஸ்துமா இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் இன்ஹேலரைத் தொடரலாம்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இன்ஹேலரைக் கையோடு எடுத்துச் சென்று, தாதியின் முன் பயன்படுத்திக் காட்டுங்கள். முறை தவறினால் மருந்து நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலேயே தங்கிவிடும். அதைத் திருத்திக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.