குமாயூன் காடுகளில் கோடைத் தீ

இமயமலைச் சாரலிலே குளிர்கால மழை பொய்த்த வருஷத்தில் காடு எரியும். இதை அறிய அம்மலைவாசிகளுக்குச் சோதிடம் வேண்டியதில்லை. மேற்கேயிருந்து மேகம் வராமலும், மலைமுகட்டில் பனி தங்காமலும் மாசி கழிந்துவிட்டால், சித்திரை வைகாசியில் நேரப்போவதை அவர்கள் முன்னரே அறிவார்கள். உத்தராகண்ட் வன இலாகாவும் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையில் தீக்காலம் என்று வகுத்து வைத்திருக்கிறது. எனினும், ஆபத்து வந்த பின்னரே ஓடுவது நமது சர்க்கார்களின் வழக்கமாயிருக்கிறது.

அம்மாநிலத்தில் சுமார் 4 லட்சம் ஹெக்டேர் பரப்பில் சீர் என்னும் பைன் மரம் நிற்கிறது. கோடையின் தொடக்கத்தில் அது தன் ஊசியிலைகளை உதிர்க்கிறது. பிரூல் என்று அவ்வூரார் அழைக்கும் அச்சருகில் பிசின் உண்டு. ஒரு பீடித்துண்டு போதும். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும் காற்று தீயைச் சரிவில் ஏற்றிச் செல்லுகிறது. எரிகின்ற பைன் காய்களோ கீழ்நோக்கி உருண்டு, வெட்டி வைத்த தீத்தடைக் கோட்டையும் தாண்டிப் புதிய தீயை மூட்டுகின்றன. மேலும் கீழும் ஒருங்கே பரவும் இத்தீயை எதிர்த்து நிற்பவன் கையில் பெரும்பாலும் பச்சைக் கிளையொன்றுதான் இருக்கிறது.

2016-ஆம் வருஷம் ஏப்ரல் இறுதியில் விமானப்படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் நீர் மொண்டு காடுகளின் மீது கொட்டின. 2024-லும் அவ்வாறே நடந்தது. அந்த 2024 ஜூன் 13-ஆம் தேதி, அல்மோரா ஜில்லாவின் பின்சர் வனவிலங்குச் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வன இலாகா ஊழியர் நால்வர் வெந்து மடிந்தனர். டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வாயிலாகத் தீயைக் கண்டு செய்தி அனுப்புகிறது. சாதனை மெச்சத்தக்கதே. ஆனால் செய்தி வந்த பின் மலையேற வேண்டியவன் யார்?

கிராமத்தான் ஏறுவான் என்பது பழைய பதில். அவன் ஏன் ஏறவேண்டும் என்று நாம் கேட்கிறோம். 1911 முதல் 1917 வரையில் ஆங்கில அதிகாரிகள் குமாயூன் காடுகளை ஒதுக்குக் காடுகளாக்கினர். மேய்ச்சல், விறகு, தழை ஆகிய யாவும் குற்றமாயின. பிசினும் ரயில்பாதைக் கட்டைகளும் சர்க்காருக்கு வருமானமாயின. 1921 ஜனவரியில் பாகேஷ்வரில் பத்ரி தத் பாண்டே முதலியோர் தலைமையில் ஜனங்கள் வெட்டிவேலைப் பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தனர். அவ்வருஷக் கோடையில் சர்க்காரின் சீர் காடுகள் பற்றியெரிந்தன. நீரைத் தேக்கி வைக்கும் ஓக் காடுகளை அவர்கள் பெரும்பாலும் தீண்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தீ வைத்ததை நாம் புகழவில்லை. அவர்கள் எதைத் தமதென்று எண்ணினார்கள் என்பதையே சுட்டுகிறோம்.

அக்கிளர்ச்சியின் பயனாகக் குறைகேட்கும் கமிட்டி ஏற்பட்டது. 1931-இல் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. இன்று அம்மாநிலத்தில் 11,000-க்கு மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன. ஆயினும் சுயராஜ்யம் வந்த பின்னர் விதிகள் மாறி மாறி, வன இலாகாவின் பிடியே இறுகியது. உரிமையில்லாத காட்டுக்குக் காவல் மட்டும் தா என்றால் எவன் தருவான்? புதுப்புல்லுக்காகத் தீயிடுவோரும், கவனமின்றி நெருப்பை எறிவோரும் அவ்வூர்களில் இல்லாமலில்லை. அவர்களை அயலூர்க் காவலனைக் காட்டிலும் பஞ்சாயத்தே எளிதில் கண்டுபிடித்து அடக்கும்.

2024 மே மாதத்தில் மாநில சர்க்கார் பிரூல் சருகுக்குக் கிலோ ஒன்றுக்கு 3 ரூபாய்க்குப் பதில் 50 ரூபாய் தருவதாக அறிவித்தது. நல்ல யோசனைதான், காடு எரிந்துகொண்டிருந்த மாதத்தில் வந்தது! சருகு உதிரத் தொடங்குவதற்கு முன்பே அப்பணம் பஞ்சாயத்துகளின் கைக்குச் சேரவேண்டும். தீத்தடைக் கோடுகளைக் குளிர்காலத்திலேயே துப்புரவு செய்யும் வேலையும், அதற்குரிய கூலியும் அவர்களுக்கே அளிக்கப்படவேண்டும். சரிவில் ஏறும் ஒவ்வொரு தீக்காவலனுக்கும், அவன் தினக்கூலியாயினும் சரி, தீப்பிடியாத உடையும், காலணியும், குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸும் பிப்ரவரி 15-க்கு முன்னரே வழங்கப்படவேண்டும்.