எதிராளி விசாரணைக்கு வர மறுத்தால்: குடிசார் வழக்குகளில் முன்விசாரணையும் அதன் கட்டாயமும்

ஒன்ராறியோவில் குடிசார் வழக்கொன்றைத் தொடுத்தவரோ அதனை எதிர்கொள்பவரோ, நீதிபதியின் முன் செல்வதற்கு வெகு முன்னரே, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கேள்விகளுக்குச் சத்தியத்தின் பேரில் பதிலளிக்க அழைக்கப்படலாம். சட்டத்தரணிகள் இதனை ‘டிஸ்கவரி’ எனச் சுருக்கமாகக் கூறுவர். இங்கு இதனை முன்விசாரணை எனக் குறிப்பிடுவோம். இலங்கையிலோ இந்தியாவிலோ வழக்காடிப் பழகியவர்களுக்கு இது புதிது. அங்கு எழுத்து மூல வினாக்கள் உண்டு. வழக்கின் மறுதரப்பினரை நேரில் இருத்தி மணிக்கணக்காகக் கேள்வி கேட்கும் வழமை இல்லை. அதனாலேயே, “இது நீதிமன்றக் கடிதம் அன்றே, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கடிதந்தானே” என்று எண்ணி நம்மவருள் சிலர் அறிவித்தலை ஒதுக்கி வைத்துவிடுகின்றனர். அது பெரும் பிழையாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இருவர் கூட்டாக உணவகம் நடத்திப் பிரிந்தனர். ஒருவர் தமக்குரிய பங்காக 150,000 டொலர் கோரி மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கிறார். மற்றவர் எதிர்வாதப் பத்திரத்தைச் சமர்ப்பிக்கிறார். ஆவணங்கள் பற்றிய சத்தியக்கடதாசிகளும் பரிமாறப்படுகின்றன. இனி வழக்காளி எதிராளியை முன்விசாரணைக்கு அழைக்கலாம். இதற்கு நீதிபதியின் அனுமதி தேவையில்லை. குடிசார் நடைமுறை விதிகளின் 34A படிவத்தில் நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து, எதிராளியின் சட்டத்தரணிக்குச் சேர்ப்பித்தல் போதுமானது. சட்டத்தரணி இல்லாதவராயின் அவரிடமே முறைப்படி சேர்ப்பித்தல் வேண்டும். கொண்டுவர வேண்டிய ஆவணங்களையும் அறிவித்தலிலேயே கேட்கலாம். குறைந்தது இரண்டு நாள் அவகாசம் அளிக்கப்பட வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் இதில் கணக்கிடப்படா. நடைமுறையில் இரு தரப்பும் முன்னதாகவே பேசித் தேதியை ஒப்புக்கொள்வதே வழக்கம்.

200,000 டொலர் வரையான கோரிக்கைகளுக்குரிய எளிமைப்படுத்தப்பட்ட நடைமுறையில் ஒரு தரப்பு மூன்று மணி நேரம் வரையும், ஏனைய வழக்குகளில் பொதுவாக ஏழு மணி நேரம் வரையும் கேள்வி கேட்கலாம். சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் முன்விசாரணை கிடையாது. அந்நீதிமன்றத்தின் வரம்பு 2025 ஒக்டோபர் 1 முதல் 50,000 டொலர் ஆகும்.

எதிராளி வரவில்லை என்க. வழக்காளியின் தரப்பு குறித்த நேரத்தில் வந்து, காத்திருந்து, எதிராளி வராததைப் பதிவு செய்வித்து, அதற்கான சான்றிதழைப் பெறுகிறது. இச்சான்றிதழே அடுத்த படிக்கு ஆதாரம். பின்னர் நீதிமன்றத்திடம் மனுச் செய்யப்படுகிறது. ரொறன்ரோவில் இவ்வகை மனுக்களைப் பெரும்பாலும் இணை நீதிபதிகள் கேட்கின்றனர். 34.15 ஆம் விதியின்படி, எதிராளி தமது சொந்தச் செலவில் மீண்டும் வரவேண்டும் எனக் கட்டளையிடலாம்; எதிர்வாதப் பத்திரத்தையே நீக்கிவிடலாம்; வராதவர் வழக்காளியாயின் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். வந்தும் சத்தியம் செய்ய மறுப்பவருக்கும், தகுந்த காரணமின்றிப் பதில் கூற மறுப்பவருக்கும் இதே விதி பொருந்தும். முதல் தவறுக்கே எதிர்வாதத்தை நீக்குவது அரிது. வழக்கமாக இறுதி வாய்ப்பொன்று, வீண்செலவை ஈடுசெய்யும் கட்டளையுடன் வழங்கப்படும். அதையும் மீறினால், எதிராளியின் சொல்லைக் கேளாமலே தீர்ப்பு வழங்கப்படும் நிலை உருவாகலாம். அவரிடம் நியாயம் இருந்திருக்கலாம்; ஆயினும் அதனைக் கூறும் இடம் பறிபோய்விடும். கட்டளையை மீறுவது நீதிமன்ற அவமதிப்பாகவும் கருதப்படலாம்.

நோய், பயணம் முதலிய உண்மைக் காரணம் இருப்பின், குறித்த நாளுக்கு முன்னரே எழுத்தில் அறிவித்து மாற்றுத் தேதி கேளுங்கள். மருத்துவரின் கடிதத்தையும் இணையுங்கள். பின்னர் கூறப்படும் காரணத்துக்கு மதிப்புக் குறைவு.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்றைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. ஆங்கிலம் போதாது என்பது வராமலிருப்பதற்குக் காரணம் ஆகாது. ஆனால் உரைபெயர்ப்பாளருடன் பதிலளிக்க உங்களுக்கு உரிமை உண்டு. விதியின்படி, வழக்கின் தரப்பினர் ஒருவருக்குத் தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், அவரை ஒழுங்கு செய்யும் பொறுப்பு அத்தரப்பினருடையதே; கேள்வி கேட்பவருடையது அன்று. உரைபெயர்ப்பாளர் தகுதியுடையவராகவும் சார்பற்றவராகவும் இருந்து, தாமும் சத்தியம் செய்தல் வேண்டும். ஆகவே மகனையோ மருமகளையோ அழைத்துச் செல்ல எண்ண வேண்டாம். நகரசபையின் மொழிபெயர்ப்புச் சேவையும் இதற்குரியதன்று. தேதி உறுதியானவுடனேயே ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். முன்விசாரணையில் நீங்கள் கூறிய பதில்கள் எழுத்தில் பதிவாகி, பின்னர் வழக்கு விளக்கத்தில் உங்களுக்கு எதிராக வாசிக்கப்படலாம். கேள்வி விளங்காமலே மரியாதைக்காகத் தலையசைத்து “ஓம்” என்று சொல்லும் நமது பழக்கம் இங்கு மிகுந்த விலை கேட்கும். விளங்கவில்லையெனில் விளங்கவில்லை என்றே கூறுங்கள். பதில் தவறு எனப் பின்னர் அறிந்தால், அதனை எழுத்தில் திருத்தும் கடமையும் உங்களுக்கு உண்டு.

இவ்விதிகள் மறுசீராய்வில் உள்ளன. 2025 ஏப்ரலில் வெளியான கலந்தாய்வு அறிக்கையொன்று வாய்மொழி முன்விசாரணையையே நீக்கிவிட முன்மொழிந்தது. எனவே உங்கள் வழக்குக்குப் பொருந்தும் விதியைச் சட்டத்தரணியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இக்கட்டுரை பொதுத் தகவலேயன்றிச் சட்ட ஆலோசனை அன்று. சட்டத்தரணி இல்லாதோர் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக 30 நிமிடம் வரையான இலவச ஆலோசனையைக் கோரலாம். செல்லும்போது அறிவித்தலையும் அது உங்கள் கைக்குக் கிடைத்த நாளின் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.