77 ஆண்டு கழித்துத் திருத்தப்பட்ட ஏடு

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கர்களுக்கு பேஸ்பால் அப்படி. அதில் மட்டையாளருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர் ‘கேட்சர்’. கிட்டத்தட்ட நம் விக்கெட் கீப்பர். அப்படி ஒரு கேட்சராக இருந்தவர் ஜாஷ் கிப்சன் என்ற கறுப்பின வீரர். அவருடைய கதையை, குறிப்பாக மாணவர்கள், தெரிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறோம்.

1911 டிசம்பர் 21 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் பியூனா விஸ்டா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர். பிழைப்புத் தேடி வடக்கே பிட்ஸ்பர்க் நகருக்குப் போய் இரும்பு ஆலையில் சேர்ந்தார். 1930இல், 18 வயதில், கிப்சன் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு ஆட வந்தார். அதே ஆண்டு அவருடைய மனைவி ஹெலன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுவிட்டுப் பிரசவத்திலேயே இறந்துபோனார்.

கிப்சன் ஆடியது ‘நீக்ரோ லீக்’ போட்டிகளில். இன்று வசைச்சொல்லாகிவிட்ட அந்தப் பெயர்தான் அன்று கறுப்பர்களின் போட்டிகளுக்கு இருந்தது. வெள்ளையர்கள் ஆடிய மேஜர் லீக்கில் கறுப்பர்களுக்கு இடமில்லை. இத்தனைக்கும் அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் அதில் ஆடியிருக்கிறார், அவரும் கேட்சர்தான். அதன்பிறகு அணி முதலாளிகள் தங்களுக்குள் பேசிவைத்துக் கதவைச் சாத்தினார்கள். எழுதிய சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். எழுதாத சட்டத்தை எந்த நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் காட்டுவது?

கறுப்பின அணிகள் பஸ்ஸில் ஊர் ஊராகச் சுற்றின. பல ஊர்களில் ஓட்டலில் சாப்பாடு கிடைக்காது, விடுதியில் அறை கிடைக்காது, பஸ்ஸிலேயே உறக்கம். வாஷிங்டனில் வெள்ளையர் அணியின் மைதானத்தை கிரேஸ் அணி வாடகைக்கு எடுத்து ஆடியது. வாடகையை வாங்கிக்கொண்டவர்கள் வீரர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

1943 தொடக்கத்தில் கிப்சன் நினைவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூளையில் கட்டி என்றார்கள். அந்த ஆண்டும் அவர் மட்டையை விடவில்லை. 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில், பக்கவாதத்தால் இறந்தார். அவர் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி அந்தத் தடையை உடைத்தார். கிப்சனின் புதைகுழிக்கு 1975 வரை பெயர் பொறித்த கல்கூட இல்லை.

இதோடு கதை முடியவில்லை. 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்குகளே என்று அமெரிக்க பேஸ்பால் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் அந்தக் கணக்குகள் அதிகாரபூர்வ ஏட்டில் ஏறின. வாழ்நாள் சராசரியில் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார்: 1000 முறை மட்டை பிடித்தால் 372 முறை வெற்றிகரமாக அடித்திருக்கிறார் என்பது அதன் பொருள். அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் என்ற வெள்ளை வீரரின் கணக்கு 367. தலையில் நோயோடு ஆடிய அந்த 1943இல் கிப்சனின் கணக்கு 466. ஒரே பருவத்தில் அதை மிஞ்சியவர் யாருமில்லை.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? வெள்ளையர்களின் ஏடுகள் கண்டுகொள்ளாத ஆட்டங்களை பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் வாராவாரம் அச்சிட்டுவந்தன. ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அந்தப் பழைய தாள்களைப் புரட்டி, ஒவ்வோர் ஆட்டமாகக் கூட்டி எடுத்தார்கள்.

கிப்சனுக்கு மறுக்கப்பட்ட ஆட்டங்களை இனி யாரும் ஆடிக் கொடுக்க முடியாது. ஆனால் அவர் ஆடியதை அவருடைய மக்களே எழுதிவைத்தார்கள். எழுதிவைத்ததால்தான் 77 ஆண்டு கழித்தாவது ஏட்டைத் திருத்த முடிந்தது. படிக்கிற பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும்.