மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு வந்த பாட்டு

மஞ்சக்குப்பத்தில் வக்கீல் தொழில் பார்க்கிறேன். அவ்வப்போது பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிடுவார்கள். 'மத நம்பிக்கையா, பேச்சுரிமையா' என்று தலைப்பு கொடுத்தால் போதும், பிள்ளைகள் நேரே ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறார்கள். 1869இல் இந்தச் சண்டை இதே மஞ்சக்குப்பத்தில் வழக்காக நடந்ததை ஒருவரும் சொல்வதில்லை.

பிராது கொடுத்தவர் ஆறுமுக நாவலர். எதிர்த்தரப்பில் சிதம்பரம் கோயில் தீட்சிதர் தரப்பும், நாம் வள்ளலார் என்று கும்பிடுகிற வடலூர் இராமலிங்க அடிகளும்.

நாவலர் லேசுப்பட்டவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியவர். 1848இல் அந்த வேலையை விட்டுவிட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1864இல் சிதம்பரத்திலும் ஒன்று திறந்தார். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், கண்டனப் பிரசுரம் எல்லாம் மிஷனரிகளிடம் பார்த்துப் பழகியவை. முதலில் அவர்கள் மேலேயே அவற்றைத் திருப்பினார், பிறகு சொந்தச் சைவர்கள் மேலும். சிவதீட்சை பெறாதவர் கையால் விபூதி வாங்க மாட்டேன் என்று சொன்னதில் தீட்சிதர்களும் பகையானார்கள்.

1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார், வள்ளலார் பாடல்களைத் 'திருவருட்பா' என்ற பெயரில், 'திருமுறை' என்று பகுத்து அச்சிட்டார். தேவார திருவாசகத்துக்கு உரிய பெயரை உயிரோடிருக்கும் ஒருவர் பாட்டுக்கு வைப்பதா என்று நாவலர் தரப்பு கொதித்தது. இது அருட்பா அல்ல, மருட்பா, அதாவது மயக்கப் பாட்டு என்று பிரசுரம் வந்தது. பதில் வந்தது. பதிலுக்கு மறுப்பு வந்தது. கடைசியில் சிதம்பரம் கோயில் பேரம்பலத்தில் கூடிய கூட்டத்தில் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் கோர்ட்டுக்கு வந்தார்.

முடிவு என்ன? வடலூர்ப் பக்கம் கேட்டால், வள்ளலார் உள்ளே வந்ததும் நாவலரே எழுந்து நின்றார், வழக்கு தள்ளுபடி என்பார்கள். நாவலர் பக்கம் கேட்டால், தீட்சிதருக்கு அபராதம், வள்ளலார் நான் அவரைச் சொல்லவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார் என்பார்கள். கட்சிக்காரர் கதை எப்போதும் இப்படித்தான் இருக்கும். பாடல் அருட்பாவா இல்லையா என்பதை மட்டும் எந்தக் கோர்ட்டும் தீர்த்திருக்க முடியாது. அது அதன் வேலையும் இல்லை.

சட்டம் பார்ப்பது வேறு. 1862இல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு அவதூறு பற்றியது. அதன் ஆறாவது விலக்கைப் பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொல்வேன். புத்தகம் போட்டவர் அதை ஊரார் தீர்ப்புக்கு வைத்துவிட்டார் என்று பொருள். 'புத்தகம் அபத்தம், எழுதியவருக்கு அறிவு போதாது போல' என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னால் குற்றமில்லை, ஏனென்றால் புத்தகத்தை வைத்துத்தான் ஆளை எடை போடுகிறார். 'ஆளே ஒழுக்கமில்லாதவன், அவன் புத்தகம் வேறு எப்படி இருக்கும்' என்றால் அந்த விலக்கு கைகொடுக்காது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் இதேதான். என் கணக்கில், மருட்பா என்று சொன்னது பேச்சுரிமை. ஆளைத் தூற்றிய இடத்தில் இரு தரப்புமே எல்லை தாண்டின.

மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தும் எழுத்தைத் தண்டிக்கும் 295ஏ பிரிவு 1927இல்தான் வந்தது. அது 1869இல் இருந்திருந்தால் இரண்டு பேரையுமே உள்ளே வைத்திருப்பார்கள்!

சண்டை அடுத்த நூற்றாண்டிலும் ஓயவில்லை. மருட்பா கட்சிக்கு நா. கதிரைவேற் பிள்ளை. அருட்பா கட்சிக்கு மறைமலையடிகள். கூடவே நாஞ்சில் நாட்டு முஸ்லிம் புலவர் செய்குத்தம்பிப் பாவலர். மாணவராக இருந்த திரு.வி.க., ஆசிரியர் கதிரைவேற் பிள்ளைக்காகக் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போய்ப் பரீட்சையைக் கோட்டைவிட்டார். அதோடு அவர் பள்ளிப் படிப்பு முடிந்தது.

இன்று பள்ளிப் பிள்ளைக்கு அரசியல் சாசனம் உண்டு. அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியிலும், மாணவரின் சம்மதமோ, சிறுவராக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமோ இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயமாக உட்கார வைக்கக் கூடாது என்கிறது அதன் 28(3) பிரிவு. கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மதத்தைக் காட்டிப் பாடவில்லை. அவர்களைப் பள்ளியைவிட்டு நீக்கியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேசாமல் இருக்கும் உரிமையும் பேச்சுரிமைக்குள் அடங்கும்.

சிதம்பரத்தில் மட்டும் பாட்டுச் சண்டை தீர்ந்தபாடில்லை. 2008இல் சிவனடியார் ஆறுமுகசாமி சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாட அரசாணையும் போலீஸ் காவலும் வேண்டியிருந்தன.

என்னைக் கூப்பிடும் தமிழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை அருட்பா மருட்பாவையே தலைப்பாகக் கொடுங்கள். வடலூர்ப் பிள்ளையை நாவலர் கட்சிக்கும், சிதம்பரத்துப் பிள்ளையை வள்ளலார் கட்சிக்கும் பேச விடுங்கள். பாட்டை எவ்வளவு வேண்டுமானாலும் கிழிக்கட்டும். ஆளைத் திட்டினால் மார்க்கைக் குறைப்பேன்.