குளிர்நீர்த் தெப்பப் பயணமும் உடையும்

கங்கையைப் புனித நதியெனப் போற்றுவோர் பலர்; அதன் குளிர்மையை உடலால் உணர்ந்தோர் சிலரே. கங்கோத்திரிப் பனியாற்றின் முகப்பாகிய கோமுகத்திற் பிறக்கும் பாகீரதி, தேவப்பிரயாகையில் அளகநந்தையோடு கலந்து, கங்கையென்னும் பெயர் பெற்று இருடிகேசத்தை நோக்கிப் பாய்கின்றது. அவ்வழியிற் கௌடியாலாவுக்கும் இருடிகேசத்துக்கும் இடையே, காற்றடைத்த இறப்பர்த் தெப்பங்களில் மக்கள் விரைநீரைக் கடந்து செல்வர். பங்குனி, சித்திரை மாதங்களிற் கரையில் வெயில் காயும். நீரோ பனியுருகி வந்தது. எனவே வளியின் வெப்பத்தை நோக்காது, நீரின் குளிரை நோக்கி உடுத்தல் வேண்டும் என்பதே முதல் விதியாகும்.

இதற்குக் காரணம் யாது? நீரின் வெப்பக் கடத்துதிறன் வளியினதிலும் ஏறத்தாழ 25 மடங்காகும். ஆதலின் நீரில் வீழ்ந்தவனது உடல் வெப்பத்தை மிக விரைவில் இழக்கும். உள்ளுடலின் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது உயிருக்கு இடராம். ஆயின் அதற்கு முன்னரே வேறிரு இடர்கள் நேரும். வீழ்ந்த முதல் நிமிடத்தில், தன் வயமின்றி மூச்சு உள்ளிழுக்கப்படும். அவ்வேளை வாய் நீரினுள் இருப்பின் நீர் நுரையீரலிற் புகும். சில நிமிடங்களில் விரல்கள் வலியிழந்து, எறியப்பட்ட கயிற்றையும் பற்றமாட்டா. ஆகையால் எவ்வுடை அணியினும் அதன்மேல் உயிர்காப்பு மேலங்கியை இறுகப் பூணுதல் இன்றியமையாதது.

இனி உடைவகைகளை நோக்குவாம். நம்மவர் விரும்பும் பருத்தியாடை இங்கே பகையாகும். அது நீரை உறிஞ்சித் தன் இழைகளிடையே இருந்த வளியை இழந்துவிடும். கரையேறிய பின்னரும் ஈரம் ஆவியாகுந்தோறும் உடல்வெப்பத்தைக் கவரும். கம்பளியோ நனைந்தபோதும் தன் சுருண்ட இழைகளிடையே சிறிது வளியைத் தாங்கி நிற்கும். பொலியெசுத்தர் இழையாடை நீரை மிகக் குறைவாகவே ஏற்கும்.

இவற்றினுஞ் சிறந்தது நுரைத்த நியோபிரீன் இறப்பராலான ஈரவுடை. இதனை 1950 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வகுத்தவர், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகப் பௌதிகவியலறிஞர் கியூ பிராட்னர் ஆவர். உடைக்கும் தோலுக்கும் இடையே புகும் நீரே வெம்மை தருகின்றதெனப் பலர் கருதுவர். அஃது அன்று, இறப்பரினுள் அடைபட்ட வாயுக் குமிழிகளே வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவன. எனினும் உடை தளர்ந்திருப்பின், புதுநீர் ஓயாது உட்புகுந்து வெப்பத்தை வாரிச் செல்லும். ஆதலின் அது உடலோடு ஒட்டியிருத்தல் வேண்டும். நீர்புகா உலருடை பெரும்பாலும் ஈரத்தை விலக்குமேயன்றித் தானே வெம்மை தாராது. அதனுள்ளே கம்பளி அணிதல் வேண்டும்.

காற்றைத் தடுக்கும் மேலங்கியும், கால்களுக்கு நியோபிரீன் உறையும், நீர்புகாப் பையில் ஒரு தொகுதி உலர்ந்த ஆடையும் துணையாவன. பயணம் முடிந்ததும் ஈரவுடையைக் களைந்து உலர்ந்ததை உடுத்துக. உடல் வெம்மையைப் புதிதாய் ஆக்குவது உடையன்று. உடல் ஆக்கிய வெம்மையைக் காப்பதே அதன் தொழில். இவ்வுண்மையை உணர்ந்து உடுத்துவோன், வெயில் கண்டு மயங்கான். ஆற்றையும் எளிதென எண்ணான்.