மலேரியா ஒட்டுண்ணி பெருகும் விதம்

காய்ச்சல் தணிந்ததும் மருந்தை நிறுத்திவிடும் நோயாளிகளைக் களப்பணியாளர் பலர் கண்டிருப்பர். இது எத்துணை ஆபத்தானது என்பது, ஒட்டுண்ணி பெருகும் முறையை அறிந்தால் விளங்கும்.

நம் உடலின் உயிரணு பிரியும்போது உட்கருவின் உறை கலைகிறது. தடித்துச் சுருங்கிய நிறக்கோல்கள் இருபுறமும் இழுக்கப்படுகின்றன. பின்னர் உயிரணு இரண்டாகிறது. கடுமையான மலேரியாவை விளைவிக்கும் பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்னும் ஒட்டுண்ணியோ வேறு வழியைக் கையாளுகிறது.

இரத்தச் சிவப்பணுவினுள் புகுந்து வளர்ந்தபின், அது தன் 14 நிறக்கோல்களையும் படியெடுக்கிறது. உட்கருவின் உறை கலைவதில்லை. அதனுள்ளேயே நுண்ணிழைகளாலான கதிர் ஒன்று தோன்றி, நிறக்கோல்களைப் பிரிக்கிறது. அவை நம்முடையவை போல் தடித்துத் தோன்றாமையால், சாதாரண நுண்பெருக்காடியில் அவற்றை எண்ணுதல் இயலாது. உட்கரு பிரிந்தபோதிலும் உடல் பிரிவதில்லை. உட்கருக்கள் தத்தம் வேகத்தில் மீண்டும் மீண்டும் பிரிகின்றன. ஆகவே அவற்றின் எண்ணிக்கை 2, 4, 8 என ஒழுங்காக உயர்வதில்லை. இறுதியாக உடல் ஒருங்கே கூறுபட்டு, பெரும்பாலும் 16 முதல் 32 வரை சேய்கள் உண்டாகின்றன. இச்சுற்று முடிய ஏறத்தாழ 48 மணி நேரம் ஆகும். அப்போது சிவப்பணு வெடிக்க, குளிரும் காய்ச்சலும் தோன்றுகின்றன. சேய்கள் புதிய சிவப்பணுக்களை நாடுகின்றன.

முதிர்ந்த ஒட்டுண்ணிகள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்வதால், விரல்நுனி இரத்தத்தில் பெரும்பாலும் இளம் வளைய வடிவங்களே தென்படும். ஆதலால் ஒருமுறை எடுத்த இரத்தப் பூச்சில் ஒன்றும் காணப்படாவிடினும், ஐயமிருப்பின் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

காய்ச்சல் தணிதல் வேறு, ஒட்டுண்ணி அழிதல் வேறு. எஞ்சிய சிலவே இரண்டு நாட்களில் பலவாகப் பெருகக்கூடும். எனவே, மருந்தை இறுதிவரை உட்கொள்ளச் செய்வது நம் கடமையாகும்.